பந்தி விசாரிப்பவள்

பியூலாவை யாராவது பாராட்டினால் வடிவுக்கு வயிறு எரியும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. நெஞ்சுக்குக் கீழே ஒரு காந்தல் தொடங்கும், மோர் குடித்தாலும் அடங்காது. இத்தனைக்கும் பியூலா அவளுக்கு எதிரி இல்லை. மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவள். உவரியிலிருந்து வரும் மீனில் குழம்பு வைத்து, வடிவுக்கென்று தனி டப்பாவில் கொண்டுவருகிறவள். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் பொறாமைப்படுவதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

பணகுடிக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவே இருந்த 'மேல்காற்று' கிளவுட் நிறுவனத்தில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பியூலா கடலைக் கணிப்பவள். மறுநாள் எங்கே அலை எழும்பும், எங்கே நீரோட்டம் இழுக்கும் என்று உவரிப் படகுகளுக்குச் சொல்லும் மென்பொருள் அவளுடையது. அவள் கடற்கரையில் இறங்கினால் பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். வடிவுக்கு சர்வர் கூடத்தில் வேலை. அது ஒழுங்காக நடக்கிறவரை அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பினால் மட்டும் ஊருக்கே தெரியும்.

அவள் என்னதான் செய்கிறாள் என்று கணவன் சிதம்பரமே கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் கேட்டான்.

“கட்டுச்சோறு மாதிரின்னு வச்சுக்கோங்க,” என்றாள் வடிவு. “ஒரு கணக்கு ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் ஒண்ணா கட்டி அனுப்பிருவாங்க. எந்த சர்வர்ல வேணும்னாலும் பிரிச்சு ஓட்டிக்கிடலாம். கன்டெய்னர்னு பேரு. நாங்க பெட்டின்னு சொல்லுவோம்.”

“சரி, அதுல உனக்கு என்ன வேலை?”

“பெட்டி ஏகப்பட்டது வரும். சர்வர் கொஞ்சந்தான். எது முதல்ல உக்காரணும், எது காத்துக் கெடக்கணும்னு பாக்குறது நான்.”

“கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற ஆளு மாதிரி.”

“ஆமா. சாப்பிட்டுட்டுப் போறவன் ஒருத்தனும் அவளை நினைக்க மாட்டான்.”

சிதம்பரம் சிரித்தான். அவள் அதை ஆபீசில் போய்ச் சொல்ல, அந்தப் பேச்சே நிலைத்துவிட்டது. பெட்டிகளின் வரிசைக்குப் பந்தி என்று பெயர். சர்வரில் ஓரிடம் கிடைத்தால் இலை கிடைத்தது என்று அர்த்தம்.

ஆனி ஆடியில் மேல்காற்று வெறிபிடித்து அடிக்கும்போது மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, வந்த பெட்டியெல்லாம் உட்காரும். ஐப்பசியில் காற்று விழுந்துவிடும். பொழுது சாய்ந்தால் மின்சாரம் முதலில் வீடுகளுக்கு என்பது சட்டம். விளக்கு வைக்கும் நேரத்தில் கூடத்தை மூடிவிட வேண்டும். அதற்குள் இலை கிடைக்காத பெட்டி மறுநாள் வரை பட்டினி.

அந்த மாதிரி ஒரு ஐப்பசியில்தான் வடிவின் கை முதலில் நீண்டது. ஆபீசில் எல்லார் போனிலும் ஓடும் பொது அரட்டைக்குப் பலகை என்று பெயர். அதில் அன்று காலை முழுக்க பியூலா புராணம். வடிவுக்குக் காந்தியது. அவள் கை தன்பாட்டுக்குப் பியூலாவின் பெட்டியை நாலைந்து பெட்டிக்குப் பின்னால் தள்ளியது. ஒன்றும் ஆகவில்லை. கணிப்பு கொஞ்சம் தாமதமாகப் போனது, அவ்வளவுதான். காந்தல் மட்டும் சட்டென்று அடங்கியது. பிறகு அதுவே மருந்தாகிவிட்டது. பலகையில் பாராட்டு வந்தால் பெட்டி பின்னால் போகும்.

ஒருநாள் அந்தப் பெட்டிக்கு இலையே கிடைக்கவில்லை. முந்தின நாள் கணிப்பை நம்பிக் கடலுக்குப் போன உவரிப் படகுகள் நீரோட்டத்தில் சிக்கி, வலைகளை அறுத்து விட்டுவிட்டுக் கரை திரும்பின. ஆள் சேதம் இல்லை. கரையில் நின்று ஏச்சு வாங்கியது பியூலா. கையைப் பிடித்துக்கொண்ட அதே பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். தன் கணக்கில்தான் கோளாறோ என்று அவள் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து சரிபார்த்தாள்.

“காத்து இல்லட்டி, இலை இல்ல. நீ என்ன செய்வே?” என்று வடிவு அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். பியூலா அந்தக் காபியைக் குடித்தாள். வடிவு அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அடுத்த பாராட்டுக்கு அவள் கை மறுபடி நீண்டது.

மருத்துவமனைகள் அனுப்பும் பெட்டிகள் பெருகியபோது நிறுவனத் தலைவர் தளவாய் வடிவைக் கூப்பிட்டார்.

“இனிமே கையால தள்ளுறதெல்லாம் சரிப்படாது, வடிவு. தானா பந்தி நடத்துற மென்பொருள் ஒண்ணு வாங்கியிருக்கேன். அதை நீங்கதான் அமைச்சுக் குடுக்கணும்.”

“அதுக்கு யாரு சார் சொல்லிக் குடுப்பா?”

“யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம். உங்க கையைப் பாத்தே படிச்சுக்கிடும். இத்தனை வருஷமா எதை முன்னால வச்சீங்க, எதைப் பின்னால வச்சீங்க, அன்னைக்குக் காத்து எப்படி, பலகையில என்ன பேச்சு, எல்லாத்தையும் குடுத்துருங்க. அனுபவம்னா சும்மாவா?”

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பியூலாவின் பெட்டியைத் தள்ளிய நாட்களை மட்டும் உருவிவிடலாம் என்று முதலில் நினைத்தாள். உருவினால் ஏன் என்று கேட்பார். அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

“பெட்டியிலயும் பலகையிலயும் ஆளுங்க பேரை எடுத்துருவோம் சார். பேருக்குப் பதிலா தினம் ஒரு நம்பர். இன்னைக்கு ஒரு நம்பர்ல வந்தவங்க நாளைக்கு வேற நம்பர். மெஷின் ஆளு பாத்துப் பரிமாறக் கூடாதுல்லா?”

தளவாய் அசந்துபோனார். எவ்வளவு நேர்மை! வடிவும் நிம்மதியாக மூச்சு விட்டாள். பெயர் போனால் பொறாமையும் போயிற்று என்று அவள் கணக்குப் போட்டாள்.

அடுத்த சிக்கல் சாவி. அவசரத்துக்குக் கையால் பெட்டியை நகர்த்த ஒரு சாவி இருக்கும், அது முறை வைத்து ஒவ்வொருவரிடம் போகும் என்றார் தளவாய். முதல் முறை பியூலாவுக்கு. தான் கட்டி எழுப்பிய கூடத்தின் சாவியைப் பியூலா இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதை நினைத்துப் பார்த்தாள் வடிவு. அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“சாவியே வேண்டாம் சார். மனுஷக் கை பட்டாலே சந்தேகம் வரும். பூட்டிருவோம். திறக்கணும்னா நாம, மருத்துவமனை, அரசாங்கம் மூணு பேரும் சேர்ந்துதான் திறக்கணும்.”

எல்லோரும் தயங்கினார்கள். முதலில் கை தூக்கி ஆதரித்தது பியூலாதான். தனக்கு வரவிருந்த சாவியைத் தானே வேண்டாம் என்கிறாளே என்று வடிவுக்கு ஆச்சரியம். இதிலும் நல்ல பேர் வாங்கிக்கொண்டாள் சவம் என்று தோன்றியது.

பந்தி தானாக ஓடத் தொடங்கியது. சண்டை இல்லை, சிபாரிசு இல்லை. போனில் கெஞ்சுகிற வாடிக்கையாளர்கள் கெஞ்சுவதை நிறுத்தினார்கள். பலகை முழுக்க வடிவு, வடிவு, வடிவு. பியூலா எழுதியது எல்லாவற்றுக்கும் மேலே நின்றது: 'கல்யாண வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பந்தி விசாரிப்பவள். இன்றைக்காவது அவளை முதல் இலையில் உட்கார வைப்போம்.'

வடிவு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டில் சிதம்பரத்திடம் காட்டினாள். அவனும் படித்துவிட்டு, “அந்தப் பிள்ளை எவ்வளவு அழகா எழுதுது பாரேன்!” என்றான். பாராட்டு தனக்கு என்றாலும் புகழ் அவளுக்கே போனதில், வடிவுக்கு மறுபடி காந்தியது.

சிதம்பரத்துக்கு மாற்றுச் சிறுநீரகம். அவன் தங்கையுடையது. உடம்பு அதை அந்நியம் என்று ஒதுக்காமல் இருக்கத் தினமும் மருந்து உண்டு. கூடினால் ஒரு ஆபத்து, குறைந்தால் இன்னொரு ஆபத்து. அதற்காக மருத்துவமனையில் அவன் உடம்பைப் போலவே கணினியில் ஓர் உடம்பு செய்துவைத்திருந்தார்கள். நிழல் என்பார்கள். மறுநாள் மருந்தை முதலில் நிழலுக்குக் கொடுத்துப் பார்த்து, அது தாங்கினால்தான் ஆளுக்குக் கொடுப்பார்கள். அந்த நிழலும் தினம் ஒரு பெட்டியாகத்தான் மேல்காற்றுக்கு வந்துகொண்டிருந்தது. ஊழியர் குடும்பம் என்பதால் வடிவின் பெயரில்.

பாராட்டு மழை பெய்த அன்று அந்தப் பெட்டிக்கு இலை கிடைக்கவில்லை. காற்று மோசம் என்று வடிவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் தவறினால் பழைய அளவையே கொடுப்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவள் படம் வந்தது, பலகை மறுபடி கொண்டாடியது, பெட்டி மறுபடி பட்டினி. அதற்கடுத்த நாள் சிதம்பரத்துக்குக் காய்ச்சல். மத்தியானம் மருத்துவமனையிலிருந்து டாக்டர் அவளை அழைத்தார்.

“உடம்பு சிறுநீரகத்தோட சண்டைக்கு நிக்குதும்மா. மருந்தை மாத்தியாகணும். நிழல் பாக்காம கையை வச்சா எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியாது. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஓடியாகணும். உங்க ஆபீஸ்தானே, கொஞ்சம் சொல்லுங்களேன்.”

வடிவு கூடத்துக்கு ஓடினாள். திரையில் சிதம்பரத்தின் பெட்டி அடிவரிசையில் கிடந்தது. கோழித் தீவனக் கணக்கு அதைத் தாண்டிப் போனது. யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ தாண்டிப் போனது. காரணம் கேட்டால் பந்தி சொல்லும், அந்த வசதியை அவளே வைத்திருந்தாள். கேட்டாள்.

'இந்தப் பெட்டிக்கு உரியவர் பலகையில் பாராட்டப்பட்டிருக்கிறார். பாராட்டப்பட்டவரின் பெட்டி காத்திருக்க வேண்டும். காற்று குறைந்த நாட்களில் முந்தைய மேற்பார்வையாளர் தவறாமல் பின்பற்றிய முறை இது.'

வடிவு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெயரை எடுத்தாளே தவிர, பொறாமையை எடுக்கவில்லை. யார் மேல் என்று தெரியாததால் மெஷின் அதை எல்லார் மேலும் படித்துக்கொண்டது. தவறாமல் பின்பற்றிய முறையாம்.

தளவாயிடம் போனாள். காரணத்தைச் சொல்லாமல், பூட்டைத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

“நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள மூணு கையெழுத்தும் வாங்கிரலாம். இப்பவேன்னா எப்படி? நீங்கதானே வடிவு பூட்டச் சொன்னீங்க? உங்களைப் போய்க் குறை சொல்ல முடியுமா?” என்றவர், அவள் வெளியே வருவதற்குள் பலகையில், 'அவசரத்திலும் விதியை மதிப்பவர் வடிவு' என்று வேறு எழுதித் தொலைத்தார். பெட்டி இன்னும் இரண்டு இடம் கீழே போனது.

வேறு பெயரில் அனுப்பலாமா என்று பார்த்தாள். மருத்துவமனை ஒப்பாது. தன்னைத் தானே திட்டி எழுதிப் பார்த்தாள். சொந்த வாயால் சொன்னதைப் பந்தி கணக்கில் சேர்க்காது. என்ன அடக்கம் பாருங்கள் என்று கீழே யாரோ புகழ்ந்ததுதான் மிச்சம்.

கேன்டீனில் பியூலா தனியாக உட்கார்ந்து, வடிவுக்கான டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின.

“எங்கட்டி போன? குழம்பு ஆறிப் போச்சு,” என்றாள்.

வடிவு உட்காரவில்லை. “பியூலா, எனக்கு ஒரு உதவி செய்யணும். பலகையில என்னைத் திட்டி எழுதணும். இப்பவே. நல்லா நாறத் திட்டணும்.”

“உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?”

“சிதம்பரத்தோட நிழலுக்கு இலை கெடைக்கல. மூணு நாளாச்சு. காய்ச்சல்ல கெடக்கார். என்னைப் பாராட்டுறதாலதான் பெட்டி கீழ போகுது. திட்டுனா அந்தப் பாராட்டு கழிஞ்சு மேல வரும்.”

“அப்படி ஒரு விதியை எவன் வச்சான்?”

பொய் சொல்ல நேரமில்லை. “நான்தான் வச்சேன். வைக்கணும்னு வைக்கல. நான் செஞ்சதைப் பாத்து அது படிச்சுக்கிட்டு. உன்னை எல்லாரும் புகழும்போதெல்லாம் உன் பெட்டியை நான் பின்னால தள்ளுவேன். எனக்குப் பொறுக்காது பியூலா. வயிறு எரியும். இத்தனை வருஷமா அதைத்தான் செஞ்சிட்டிருந்தேன்.”

பியூலா டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் பெரிய அதிர்ச்சி எதுவும் தெரியவில்லை. அதிர்ச்சியில் முகம் மரத்துவிட்டது என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

“உவரியில வலை அறுந்துச்சே. அன்னைக்கும்?”

“அன்னைக்கும்.”

“அன்னைக்கு எனக்குக் காபி வாங்கித் தந்த.”

பியூலா போனை எடுத்தாள். யோசிக்கக்கூட இல்லை, விரல்கள் ஓடின. எழுதிப் போட்டுவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். வடிவு தன் போனில் படித்தாள்.

'வடிவுக்கு எல்லோரும் மாலை போடுகிறீர்கள். அந்தக் கை எத்தனை வருடமாக என் இலையை மடித்து எறிந்தது என்று அவளையே கேளுங்கள். உவரியில் வலைகளை அறுத்தது கடல் இல்லை, அந்தக் கைதான். நான் கரையில் ஏச்சு வாங்கி வந்தபோது காபி வாங்கிக் கொடுத்ததும் அதே கைதான். இவள் விசாரித்த பந்தியில் சாப்பிட்டதை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.'

படித்ததும் வடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்துக்கு நடுவே, என்ன அழகாகத் திட்டியிருக்கிறாள், நமக்கு இப்படி வராது என்று அந்தப் பழைய காந்தலும் எட்டிப் பார்த்தது. நாசமாய்ப் போகிற வயிறு. இந்த நேரத்திலுமா எரியும்?

பலகை குமுறியது. 'சேச்சே, இவளா?' 'கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இப்படியா?' நேற்றுப் பாராட்டியவர்கள் வரிசை கட்டி வந்து ஏசினார்கள். 'இவளையா நான் புகழ்ந்தேன்' என்று தளவாய் எழுதினார். வடிவு கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே நடந்தாள், பியூலா டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். திரையில் சிதம்பரத்தின் பெட்டி ஒவ்வோர் ஏச்சுக்கும் ஓர் இடம் ஏறியது. கல்யாண வீடியோவைத் தாண்டியது. தீவனக் கணக்கைத் தாண்டியது. கடைசியில் இலையில் உட்கார்ந்தது. நிழல் ஓடத் தொடங்கியது. வடிவு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஏட்டி,” என்றாள் பியூலா. குரல் ஒரு மாதிரி இருந்தது. “என் பெட்டியைப் பாரு.”

இலைக்கு அடுத்ததாக நின்றிருந்த கடல் கணிப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வடிவு பலகையைப் பார்த்தாள். ஏச்சு முடிந்து எல்லோரும் பியூலாவிடம் வந்துவிட்டார்கள். 'எவ்வளவு பொறுமை!' 'நீ மனுஷி இல்லை, தெய்வம்.' 'பியூலா மாதிரி ஒரு தோழி யாருக்குக் கிடைப்பாள்?' புகழ்ச்சி நிற்கவே இல்லை. நிறுத்தச் சொல்லி எழுதினால் அதையும் புகழ்வார்கள் என்று இருவருக்கும் தெரிந்தது.

“உவரியில திருவிழா முடிஞ்சு நாளைக்குத்தான் எல்லாப் படகும் இறங்குது,” என்றாள் பியூலா. வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. கூடத்தை மூடுவதற்குள் இன்னும் சில பெட்டிகள்தான் உட்கார முடியும். “இப்ப நீ எழுது. என்னைத் திட்டு. உனக்குத்தான் நிறையத் தெரியுமே.”

வடிவு போனைக் கையில் எடுத்தாள். எத்தனை வருஷத்துச் சரக்கு! குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, தூக்கம் வராமல் புரளும்போது பியூலாவை அவள் மனசுக்குள் வையாத நாள் உண்டா? மினுக்கி என்று எழுதினாள். அழித்தாள். நடிக்கிறவள் என்று எழுதினாள். அதையும் அழித்தாள். குழம்பில் உப்பு சரியாக இருக்காது என்றுகூட எழுதிப் பார்த்தாள், சரியாகத்தான் இருக்கும். பெட்டி இன்னோர் இடம் இறங்கியது. இத்தனை வருஷம் பொறாமைப்பட்டவளுக்குக் குறை சொல்ல ஒரு வரி இல்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. எழுதிப் போட்டாள்.

'பியூலா சரியான முட்டாள். அவள் பெட்டி பின்னால் போனபோதெல்லாம் காற்றைக் குறை சொன்னாள், கடலைக் குறை சொன்னாள், தன் கணக்கையே குறை சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மீனைத் தின்கிறவளை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. இப்படி ஒரு மூளைகெட்டவளை நம்பியா படகுகள் கடலுக்குப் போகின்றன?'

பலகை என்ன சொல்லப்போகிறது என்று வடிவு பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள். கடல் கணிப்பு நின்றது. கொஞ்சம் தயங்குவது போல இருந்து, மேலே ஏறியது.

பியூலா அந்த வரிகளைப் படித்து முடித்தாள்.

“தப்பா எழுதிட்ட,” என்றாள்.

“என்ன?”

“சந்தேகப்பட்டேன். வலை அறுந்த அன்னைக்கே. கணக்கைப் பூரா பாத்தேன், ஒரு பிழை இல்ல. அப்புறம் வேற யாரு?”

வடிவு அவள் பக்கம் திரும்பினாள். “பின்ன ஏன் கேக்கல? கூட்டத்துல எனக்கு ஏன் முதல்ல கை தூக்குன? சாவி உனக்குத்தானே வரவேண்டியது.”

“அதான் தூக்குனேன்.” பியூலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பெட்டி இலையை நெருங்கிக்கொண்டிருந்தது. “ஊழியர் குடும்பப் பெட்டியெல்லாம் எது எதுன்னு எனக்கும் தெரியும். உன் பெட்டி தினமும் எந்த நேரத்துக்கு வரும்னும் தெரியும். சாவி என் கையில இருந்திருந்தா, சிதம்பரம் இத்தனை நாள் இருந்திருக்க மாட்டார் வடிவு.”

கடல் கணிப்பு இலையில் உட்கார்ந்தது. பியூலா ஆறிப்போன மீன்குழம்பு டப்பாவை வடிவின் மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.